கொண்டைக்கடலை வேரைத் தேடிய கதை

நீங்க சுண்டலுக்கு ஊறப்போடுற கொண்டைக்கடலை நம்ம நாட்டுல பெரும்பாலும் மானாவாரியாத்தான் விளையுதுங்க. மழைக்காலம் முடிஞ்ச பிறகு, மண்ணுல தங்கின ஈரத்தை நம்பி விதைக்கிற பயிர் அது. காய் பிடிக்கிற நேரத்துல மேல்மண் காஞ்சு வெடிச்சிடும். பாதிக் காய் பொக்காப் போகும். அதுவரைக்கும் போட்ட உழவு, விதை, களைக்கூலி எல்லாம் அந்தக் கடைசி சில வாரத்துலதான் கைவிட்டுப் போகுது.

விவசாயி விதைக்கு எடுத்துவைக்கிறது காயையும் மணியையும் பார்த்துத்தான். வேரை யாரு பார்த்தா? பிடுங்கினா பாதியில அறுந்து வந்திடும்.

1972ல ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க. மானாவாரிப் பயிர்களுக்குன்னே வந்த இடம். 1980கள்ல அங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொண்டைக்கடலை விதைகளை வறட்சியில போட்டுப் பார்த்தாங்க. அதுல ஐசிசி 4958ங்கிறது தனியா நின்னுச்சு. விதைச்ச கொஞ்ச நாள்லயே நிறைய வேர் விடுற குணம் அதுக்கு.

வேரை அளக்கிறதுதான் பெரும்பாடு. பின்னால ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நாலடி உயர பிவிசி குழாய்ல மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, அதுல செடி வளர்த்து, 35 நாள்ல வெளியே எடுத்து, வேரைத் தண்ணியில அலசி, நீளமும் எடையும் பார்த்தாங்க. ஒண்ணு ரெண்டு செடி இல்லீங்க, நூத்துக்கணக்கான ரகத்துக்கு இதே வேலை.

அதுலயும் ஒரு முடிச்சு இருந்துச்சு. வேர் நீளமா இருந்தா மட்டும் போதாது. 2011ல வெளிவந்த இக்ரிசாட் ஆய்வுல, வறட்சி தாங்கின ரகங்கள் ஆரம்பத்துல தண்ணியைச் சிக்கனமாக் குடிச்சு, பூத்துக் காய்க்கிற நேரத்துக்கு மிச்சம் வச்சது தெரிஞ்சுது. முதல் மாசமே சம்பளத்தைக் காலி பண்ற குடும்பமா, கடைசி வாரத்துக்கு எடுத்துவைக்கிற குடும்பமாங்கிற கதைதான்.

2013ல கொண்டைக்கடலையோட மரபணு வரிசை வெளியாச்சு. வேரோடயும் வறட்சியோடயும் சம்பந்தப்பட்ட பல குணங்கள் ஒரே பகுதியில கூடி இருக்கிறதையும் கண்டாங்க. ஐசிசி 4958ல இருந்த அந்தப் பகுதியை, டெல்லி பூசா நிலையத்தோட பழைய ரகமான பூசா 372க்குள்ள திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்துக் கொண்டுவந்தாங்க. 2019ல பூசா 10216ங்கிற பேர்ல அது வெளிவந்துச்சு. மத்திய இந்தியாவோட வறண்ட நிலங்களுக்கான ரகம் அது.

நிலையம் தொடங்கினதுல இருந்து கணக்குப் போட்டா 47 வருஷம். ஒரு விவசாயியோட உழைக்கிற ஆயுசு. "புது ரகம் வந்தாச்சு, ஏன் விவசாயி மாறல?"ன்னு பட்டணத்துல கேக்குறவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை பாருங்க. இன்னொண்ணும் சொல்லணும். வேர் தண்ணியை உண்டாக்காது, இருக்கிற இடத்தைத் தேடித்தான் போகும். பெய்யுற மழையை மண்ணுக்குள்ள இறக்கி வைக்கிற வேலை இன்னும் எங்க கையிலதான் இருக்கு.