விரல் மாவுக்கட்டு பிறந்த கதை

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி கட்டிங் கத்தி விரலைப் பதம் பார்ப்பது உண்டு. அறுந்த தசைநாரைத் தைத்து, காயம் ஆறிய பிறகும் சிலருக்கு நடுமூட்டு மடங்கியபடியே இறுகிவிடும். முரட்டுத்தனமாக நிமிர்த்தினால் வீங்கும், முன்னைவிட இறுகும். இதற்கு கை சிகிச்சையாளர்கள் போடும் சின்ன மாவுக்கட்டு, வேலூரில் தொழுநோயாளிகளின் விரல்களில் பக்குவப்பட்டது.

கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் முழங்கை நரம்பைத் தாக்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கியாக வளையும். வலுவுள்ள வேறொரு தசைநாரை இடம் மாற்றித் தைத்து அவற்றை இயங்க வைத்தார் பிராண்ட். ஆனால் ஆண்டுக்கணக்கில் மடங்கி இறுகிய மூட்டை எந்தத் தசைநாரும் அசைக்காது. முதலில் மூட்டு இளக வேண்டும்.

உலோகத் தகடு கட்டினால் ஓரிரு இடங்களில் மட்டும் அழுத்தும். தொழுநோயால் மரத்த விரலில் வலி தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். மாவுக்கட்டோ விரலோடு ஒட்டிப் படிந்து அழுத்தத்தைப் பரப்பிவிடும். குறுகிய மாவுத்துணியை நனைத்து விரலில் சுற்றி, மெல்ல நிமிர்கிற அளவுக்கு மட்டும் நிமிர்த்தி, இறுகும்வரை பிடித்துக்கொள்வார்கள். ரத்த ஓட்டம் பார்க்க விரல் நுனியைத் திறந்து விடுவார்கள். சில நாளில் கழற்றி, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, அடுத்த கட்டு. கர்ப்பிணியின் வயிற்றுத் தோல்போல, இடைவிடாத மெல்லிய இழுவைக்கு விரல் தோலும் மூட்டுச் சவ்வும் வளர்ந்து கொடுக்கின்றன என்பதே பிராண்டின் விளக்கம். வேகமாக இழுத்தால் கிழியும். கிழிந்த இடம் தழும்பாகி இறுகும்.

1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த முறையும் கூடவே போனது.

இப்போது வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டைக் கையோடு படியவைத்து, வெல்குரோ பட்டை போட்டுத் தருகிறார்கள். உறுத்தாமலிருக்க உள்ளே பருத்திக் குழாய்த்துணி. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஓடுவதால் அது பனியன் துணிக்குப் பங்காளி. குளிக்கும்போது கழற்றலாம், பயிற்சிக்கும் கழற்றலாம். சிக்கலும் அங்கேதான். பீஸ் ரேட் கூலி போகுமே என்று கழற்றி வைத்துவிட்டு ஓவர்லாக் தையல் எந்திரத்தில் உட்கார்ந்தால் விரல் பழையபடி மடங்கத் தொடங்கும். அதனால்தான் பிடிவாதமான மூட்டுக்கு இன்றும் மாவுக்கட்டு போடுகிறார்கள். விலை குறைவு, நினைத்த நேரத்தில் கழற்றவும் முடியாது.