முன்பணம் யார் கையில்?
சென்னையிலும் பர்மிங்ஹாமிலும் மாணவருக்கு ஒரு வாடகை வீடு

சென்னையில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகும் தமிழ் மாணவர்கள், சில மாத இடைவெளியில் இரண்டு வாடகைச் சந்தைகளைப் பார்த்துவிடுகிறார்கள். தாம்பரத்திலோ பொத்தேரியிலோ நண்பர்களோடு வீடெடுத்துத் தங்கியிருந்தவர், அடுத்த செப்டம்பரில் பர்மிங்ஹாமின் செல்லி ஓக் பகுதியில் அறை தேடுகிறார். இரண்டுமே கல்வி நிறுவனங்களை ஒட்டி மாணவர்களை நம்பி நிற்கும் பகுதிகள். இரண்டிலும் தேடுகிறவருக்கு இருபது வயதுதான் இருக்கும், சம்பளம் இருக்காது, ஊரும் புதிது.

ஒற்றுமை அவ்வளவுதான். சென்னையில் வாசலைத் தாண்டுவதற்கு நீங்கள் யார் என்பது முக்கியம். பர்மிங்ஹாமில் உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பது முக்கியம். ஆனால் மாணவரின் பாதுகாப்பு வாசலில் தீர்மானமாவதில்லை. வீட்டைக் காலி செய்யும் நாளில் அவர் கொடுத்த முன்பணம் யார் பிடியில் இருக்கிறதோ, அதுதான் தீர்மானிக்கிறது.

தேடும் வழி

சென்னையில் கல்லூரி திறக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் தேடல் சூடுபிடிக்கும். காலி செய்துவிட்டுப் போகும் சீனியர், டீக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர், கேட்டில் தொங்கும் டு-லெட் போர்டு ஆகியவைதான் முதல் வழிகள். அதிலும் கிடைக்காவிட்டால் புரோக்கர். பெரும்பாலும் ஒரு மாத வாடகை அவர் கமிஷன். வீட்டைக் காட்டிய அன்றே டோக்கன் அட்வான்ஸ் கேட்பார்கள். கொடுக்காவிட்டால் மாலைக்குள் வேறொருவர் பிடித்துவிடுவார்.

செல்லி ஓக்கில் அடுத்த செப்டம்பருக்கான வீட்டை முந்தைய நவம்பரிலேயே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கேயே படிப்பவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து வரிசையான செங்கல் வீடுகளில் ஒன்றைப் பிடித்துவிடுவார்கள். விசா வந்த பிறகு ஆகஸ்டில் தேடத் தொடங்கும் நம் மாணவருக்கு எஞ்சியதே கிடைக்கும். ஆனால் ஒரு செலவு அவருக்கு மிச்சம். 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் ஏஜென்ட் வாடகைக்கு வருபவரிடம் கமிஷன் வாங்கக் கூடாது. வீட்டைப் பிடித்து வைப்பதற்கான தொகையும் ஒரு வார வாடகைக்கு மேல் போகக் கூடாது.

வாசலில் கேட்கப்படுபவை

சென்னையில் முதல் கேள்வி “பேச்சிலரா?” என்பது. ஆம் என்றால் பாதிக் கதவுகள் அப்போதே மூடிவிடும். திறந்திருக்கும் கதவுகளில் விசாரணை தொடரும். “எந்த ஊரு தம்பி? அப்பா என்ன பண்றார்? நான்வெஜ் சமைப்பீங்களா?” என்று சுற்றிவந்து, “நீங்க என்ன ஆளுங்க?” என்பதில் நிற்கும். தலித் மாணவர்களும் முஸ்லிம் மாணவர்களும் இந்தக் கேள்வியை எவ்வளவு தூரம் சுமந்து நடக்கிறார்கள் என்பது அவர்களோடு வீடு தேடிப் போனவர்களுக்குத் தெரியும். பெயரைச் சொன்னதும் “இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்” என்ற பதில் வரும். போர்டு மட்டும் அடுத்த வாரமும் தொங்கும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் இப்படி மறுப்பதற்கு எதிராக ஒரு பிரிவும் இல்லை.

மாணவிகளுக்கு இன்னொரு தடை. பெண்கள் மட்டும் சேர்ந்து வீடெடுத்தால் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று தெருவே கணக்கெடுக்கும். அதனால் பலர் தனியார் விடுதிகளுக்குத் தள்ளப்படுகிறார்கள். அவற்றை ஒழுங்குபடுத்த 2014இல் தனிச் சட்டமே வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் பெண்கள் விடுதி நடத்தக் கூடாது. சேரும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்தில் இனம், மதம் போன்ற காரணங்களைக் காட்டி வீடு மறுப்பதை 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தடுக்கிறது. அதனால் பாகுபாடே இல்லை என்று ஆகிவிடாது. 2016 முதல், வாடகைக்கு வருபவருக்கு அந்நாட்டில் தங்கும் உரிமை இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளரே சரிபார்க்க வேண்டும். அதற்காக நம் மாணவர் அரசு இணையதளத்தில், தன் உரிமையைக் காட்டும் ‘ஷேர் கோடு’ என்ற குறியீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சோதனை வெளிநாட்டவர் மீதான பாகுபாட்டுக்கு வழி திறக்கிறது என்று 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பாகுபாடு நடக்கவே இல்லை என்று அதுவும் சொல்லவில்லை.

அதைவிட உயரமான மதில் ஜாமீன்தாரர். வாடகை கட்டத் தவறினால் பொறுப்பேற்க, பிரிட்டனிலேயே வசிக்கும், வருமானம் உள்ள ஒருவரைக் காட்டச் சொல்வார்கள். மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ போன பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்? யாரையும் காட்ட முடியாதவரிடம் ஆறு மாத வாடகையை, சில இடங்களில் ஓராண்டு வாடகையையே மொத்தமாகக் கட்டச் சொல்வது வழக்கமாக இருந்தது. கல்விக்கடனில் போன குடும்பங்களை இது நெரித்தது. 2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அதன்படி 2026 மே 1 முதல், தனியார் வாடகை வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாடகை கேட்கக் கூடாது. ஜாமீன்தாரர் கேட்பது மட்டும் தொடர்கிறது.

முன்பணம்

இனி இரு ஊர்களையும் உண்மையில் பிரிக்கும் இடத்துக்கு வருவோம்.

மூன்று மாணவர்கள் சேர்ந்து சென்னைப் புறநகரில் மாதம் 15,000 ரூபாய் வாடகைக்கு வீடெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் 1,50,000 ரூபாய். தலைக்கு ஐம்பதாயிரம். ஊரில் நகையை வைத்தோ, சீட்டை எடுத்தோதான் பல வீடுகளில் அந்தப் பணம் புரளும். அது வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகும், வட்டி கிடையாது, எங்கே வைக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். மீதியையும், அடுத்த குடித்தனக்காரர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தருவோம் என்பார்கள். படிப்பு முடிந்து ஊருக்குப் போன பையன் எத்தனை முறை பஸ் ஏறி வந்து கேட்பான்?

இத்தனைக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த அதே 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் கணக்கில் அது 45,000 ரூபாய்தான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்புப் பட்டியலில் வைக்கிறது. ஆனால் முன்பண வரம்பு, வர்ணம் பூசுவது ஆகிய இரண்டிலும் ஒரே ஓட்டை: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். எழுதுவது யார்? வீடு வைத்திருப்பவர். கையெழுத்துப் போடுவது யார்? இன்றிரவு பெட்டியை எங்கே இறக்குவது என்று தெரியாத மாணவர். இதில் சலுகை யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

பர்மிங்ஹாமில் மாதம் 500 பவுண்டுக்கு ஓர் அறை எடுத்தால், முன்பணத்தின் உச்சவரம்பு ஐந்து வார வாடகை. அதாவது 577 பவுண்டுக்குள். ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் இதைத் தாண்ட முடியாது. வாங்கிய 30 நாளுக்குள், அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் அது சேர வேண்டும். ஒன்று, பணத்தை அந்த அமைப்பே வைத்திருக்கும். அல்லது உரிமையாளரிடம் இருக்கும் பணத்துக்குக் காப்பீடு இருக்கும். 2007 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. சேர்க்கத் தவறிய உரிமையாளர், முன்பணத்தைப் போல ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை வாடகையாளருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

பிடித்தம் செய்ய வேண்டுமென்றால், சேதம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். குடிவரும்போது எழுதிய பொருள் பட்டியல், படங்கள், ரசீது ஆகியவற்றை வைத்து நடுவர் முடிவு செய்வார். மாணவருக்கு இதில் செலவில்லை. புழங்கியதால் சுவர் மங்கியதைச் சேதம் என்று யாரும் கேட்க முடியாது. சென்னையில் எழுதப்படாத சட்டம்போல் நிலைத்துவிட்ட பெயின்டிங் காசு அங்கே நடுவர் முன் நிற்காது.

குடியிருக்கும் மாதங்கள்

இங்கிலாந்தில் குறைந்தது இரண்டு வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் சேர்ந்து தங்கினால், அந்த வீட்டுக்கு உள்ளாட்சி உரிமம் வேண்டும். அப்படி உரிமம் பெற்ற வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. ஏறத்தாழ 70 சதுர அடி. ஹீட்டர், குழாய், கூரை ஆகியவற்றின் பழுது உரிமையாளர் பொறுப்பு. ஆனால் குளிர்காலத்தில் சுவரில் கரும்பூஞ்சை படர்ந்து கிடக்க, ஏஜென்டுக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக அனுப்பிக் காத்திருப்பதும் அங்கே சாதாரணம். உரிமையாளரின் முகத்தையே பார்க்காமல் படிப்பை முடிப்பவர்கள் உண்டு. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், நண்பர் பாதியில் போய்விட்டாலும் அவர் பங்கு வாடகையை மற்றவர்கள்தான் கட்ட வேண்டும்.

அந்த இடத்தில் சென்னை மாணவர்கள் தங்களுக்குள் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். போகிறவர் தனக்குப் பதில் ஒருவரைக் கொண்டுவருவார். புதியவர் தன் பங்கு அட்வான்ஸைப் பழையவரிடமே கொடுத்துவிடுவார். வீட்டுக்காரர் கணக்கில் எதுவும் அசையாது. ரூம் கைமாறிக் கைமாறித் தொடரும். மாடியில் பையன்கள், கீழே உரிமையாளர் குடும்பம் என்ற அமைப்பிலும் நன்மை இருக்கிறது. மோட்டார் ஓடவில்லை என்றால் அடுத்த நிமிடம் சொல்ல முடியும். காய்ச்சலில் படுத்த பையனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் வீட்டுக்கார அம்மாக்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் கஞ்சி கொடுப்பதும் அட்வான்ஸைத் திருப்பித் தருவதும் வேறு வேறு. முதலாவது அன்பு, இரண்டாவது கடமை. கடமையை அன்பின் பொறுப்பில் விட்டுவைத்ததுதான் நம் ஊரின் குறை.

எது மேல்?

நுழைவதில் இரண்டு ஊருமே மாணவரைப் படுத்துகின்றன. சென்னையின் மறுப்பு பிறப்பைப் பார்ப்பதால் அதிகம் காயப்படுத்துகிறது. பர்மிங்ஹாமின் மறுப்பு பணத்தையும் ஜாமீனையும் பார்க்கிறது. வெளியேறுவதில் பர்மிங்ஹாம் தெளிவாகவே மேல். அங்கே மனிதர்கள் நல்லவர்களாக இருப்பதால் அல்ல, பணம் தனியாக நிற்கிறது என்பதால்.

தமிழ்நாடு இதில் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மூன்று மாத வரம்பில் உள்ள “வேறுவிதமாக எழுதிக்கொண்டால்” என்ற விலக்கை நீக்க வேண்டும். மாணவர் கொடுக்கும் முன்பணத்தை வாடகை அதிகார அமைப்பின் மேற்பார்வையில் ஒரு பொதுக் கணக்கில் வைக்க வேண்டும். சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பது குற்றம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அதுவரை, வீடு தேடும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. எந்த ஊரானாலும், வீட்டை நீங்களோ நம்பகமான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவே கொடுங்கள். பெயின்டிங் யார் செலவு, முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், சுவிட்ச், மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கும் அனுப்பிவையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அது உங்கள் அப்பா அம்மாவின் பணம்.