கரியும் கம்ப்யூட்டரும்

ராயபுரத்துக்காரர்களுக்குக் கரித்தூசி பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அந்த வேலை எண்ணூருக்குப் போனது. தூசி ஒழிந்ததா, இடம் மாறியதா என்று எண்ணூர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் பேரன் கேட்டான், "தாத்தா, கம்ப்யூட்டருக்கும் நம்ம ஊர் கரிக்கும் என்ன சம்பந்தம்?" அவனுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1999 மே மாதம் அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் பத்திரிகையில் பீட்டர் ஹியூபர், மார்க் மில்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கம்ப்யூட்டர்கள் வருகின்றன, இன்னும் நிலக்கரி தோண்டுங்கள் என்பது அதன் சாரம். 2 மெகாபைட் தகவல் அனுப்ப ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரி எரிகிறதாம். செல்போனில் எடுக்கும் ஒரு படமே இன்று அதைவிடப் பெரியது! அமெரிக்க மின்சாரத்தில் 8 சதவீதம் இணையத்துக்கே போகிறது என்றும் சொன்னார்கள். வங்கிகளும் மின் கம்பெனிகளும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. பிற்பாடு 2000-01-ல் கலிபோர்னியாவில் மின்வெட்டு வந்தபோது பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடவும் அது வசதியாக இருந்தது.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இருந்த ஜோனதன் கூமி அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். ஒரு கம்ப்யூட்டரும் அதன் துணைக் கருவிகளும் 1000 வாட் இழுக்கும் என்பது அவர்கள் அனுமானம். அளந்து பார்த்தால் கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்தே சுமார் 150 வாட்தான். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மோட்டாரின் தகட்டில் எழுதியிருப்பது ஒன்று, டாங் டெஸ்டர் போட்டால் காட்டுவது வேறு. இணையத்தின் பங்கை அவர்கள் ஏறக்குறைய எட்டு மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தது தெரிந்தது.

கூமி கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கியவர் இல்லை. 2000 முதல் 2005 வரை சர்வர்களின் மின்செலவு இரட்டித்துவிட்டது என்று 2007-ல் சொன்னவரும் அவர்தான். அடுத்த ஐந்தாண்டில் டேட்டா சென்டர்களின் மின்செலவு மறுபடி இரட்டிக்கும் என்று எல்லோரும் பயந்தபோது, உலக அளவில் 56 சதவீதம்தான் கூடியது என்று 2011-ல் கணக்கு காட்டினார். ஒரே அளவு மின்சாரத்தில் கம்ப்யூட்டர் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்து வந்ததையும் கண்டார். அதற்குக் 'கூமி விதி' என்றே பெயர். 2020-ல் அவரும் சகாக்களும் சயின்ஸ் இதழில் எழுதியது இன்னும் வியப்பு: 2010-லிருந்து 2018-க்குள் டேட்டா சென்டர்களின் வேலை ஆறு மடங்குக்கு மேல் ஆனது, மின்செலவு கூடியது வெறும் 6 சதவீதம்.

இந்தச் சிக்கனத்துக்கு உழைத்தவர்களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பார்த்தசாரதி ரங்கநாதனும் ஒருவர். முதலில் ஹெச்.பி., பிறகு கூகுள்.

கணக்கு யாருக்கு என்று கேட்பீர்கள். தேவையை மிகைப்படுத்தினால் தேவையில்லாமல் ஒரு அனல் மின் நிலையம் எழும்பும். அது போட் கிளப் பக்கம் வராது, எண்ணூர் பக்கம்தான் வரும். எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். அத்திப்பட்டில் 2024-ல் 800 மெகாவாட் அலகு திறந்தது.

இப்போது ஏ.ஐ. வந்து பழைய கூச்சல் மறுபடி கேட்கிறது. இந்தத் தடவை பயம் முழுப் பொய்யுமில்லை: 2024-ல் டேட்டா சென்டர்கள் உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம் எடுத்துக்கொண்டன, 2030-க்குள் அந்தச் செலவு இரட்டிக்கும் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அம்பத்தூரிலும் டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. அவற்றின் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பேரன் கேட்டான். எனக்கும் அதைப் பார்க்க ஆசைதான்.