தோத்தாலும் சாகாத ஹீரோ: 'மங்கி ஐலேண்ட்' ஏன் இன்னும் சிரிக்க வைக்குது?

இன்றைய எபிசோட் ஒரே ஒரு சொல்லில் இருந்து தொடங்குது: குரோக்.

எங்க ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான்தான். செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுக்கவே ஓர் அரசுப் பயிலகமும் இருக்கு. பீங்கான் தொழிலில் 'குரோக்' என்றால், ஏற்கெனவே சூளையில் சுட்ட களிமண்ணை உடைத்து அரைத்த குருணை. அது எதுக்குன்னு கடைசியில சொல்றேன்.

கம்ப்யூட்டர் கேம் உலகத்தில் இதே சொல்லுக்கு வேற அர்த்தம். அங்கே குரோக் என்பது கடற்கொள்ளைக்காரர்கள் குடிக்கும் ஒரு பயங்கரமான சரக்கு. மண்ணெண்ணெய், அசிட்டோன், பேட்டரி ஆசிட் எல்லாம் கலந்தது. 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலேண்ட்' விளையாட்டில் வரும் ஜோக் இது. 2009இல் அர்ஜென்டினாவின் ஒரு டிவி சேனல் இந்தப் பட்டியலை நிஜமான சரக்கு என்று நம்பி, இளைஞர்களை எச்சரித்துச் செய்தியே போட்டது. பத்தொன்பது வருஷம் கழிச்சும் ஒரு ஜோக் உயிரோட சுத்துதுன்னா, அதுல ஏதோ இருக்கு இல்லையா?

இந்த கேமோட ஹீரோ கைபிரஷ் த்ரீப்வுட். ஒல்லியான பையன். ஒரே ஆசை, கடற்கொள்ளைக்காரன் ஆகணும். வடிவேலு ரவுடி ஆகணும்னு கிளம்புவாரே, அந்த மாதிரி. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் ரான் கில்பர்ட். கூட எழுதியவர்கள் டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன்.

விளையாடும் முறை ரொம்ப எளிமை. திரையின் கீழே 'திற', 'எடு', 'கொடு', 'தள்ளு', 'பேசு' என்று வினைச்சொற்கள் இருக்கும். ஒரு சொல்லை கிளிக் செய்து, பிறகு ஒரு பொருளை கிளிக் செய்யணும். அதனால்தான் இந்த வகைக்கு 'பாயின்ட் அண்ட் கிளிக்' என்று பெயர். இதை இயக்கிய மென்பொருள் 'ஸ்கம்'. 1987இல் வந்த 'மேனியக் மேன்ஷன்' என்ற விளையாட்டுக்காக உருவாக்கப்பட்டது. ஓரிடத்தில் கிடைக்கும் பொருள் எங்கேயோ ஓரிடத்தில் உதவும். எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்ல. சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பதுதானே புராணம்!

ஆனா அந்தக் காலத்து அட்வெஞ்சர் கேம்களில் ஒரு பெரிய கொடுமை இருந்தது. சின்னத் தப்புக்கும் சாவு. அதைவிட மோசம், தோத்துட்டோம்னே தெரியாமல் தொடர்ந்து ஆடுவது. அதே 1990இல் சியரா நிறுவனம் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட் 5'இல் ஒரு இனிப்புப் பண்டம் கையில் கிடைக்கும். பசிக்குதேன்னு அதைச் சாப்பிட்டுட்டா போச்சு. பனிமலையில் வரும் பூதத்தின் மேல் எறிய வேண்டியது அதுதான். பழைய சேவ் இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

கில்பர்ட்டுக்கு இது பிடிக்கவில்லை. அட்வெஞ்சர் கேம்கள் ஏன் எரிச்சலூட்டுகின்றன என்று 1989இல் ஒரு கட்டுரையே எழுதினார். செத்துச் செத்துத்தான் பாடம் கற்க வேண்டும் என்பது மோசமான வடிவமைப்பு என்பது அவர் வாதம். அடுத்த வருஷம் வந்த மங்கி ஐலேண்ட் அந்த வாதத்துக்கான செயல்முறை விளக்கம்.

ஒரு காட்சியில் கைபிரஷ் மலை உச்சியில் நிற்கும்போது விளிம்பு உடைந்து கீழே விழுவான். சியரா பாணியில் 'செத்துட்டீங்க' என்று ஒரு பெட்டி வரும். அடுத்த நொடி அவன் துள்ளி மேலே வந்து நிற்பான். கீழே இருந்தது ரப்பர் மரமாம்! இன்னொரு காட்சியில் கடலுக்கு அடியில் மாட்டிக்கொள்வான். பத்து நிமிஷம் மூச்சடக்குவேன் என்று முன்பே பீற்றியிருப்பான். நிஜமாகவே பத்து நிமிஷம் சும்மா விட்டால்தான் சாவான்.

குரோக் புதிரும் அப்படித்தான். சிறைக் கதவின் பூட்டை அந்தச் சரக்கால் கரைக்கணும். ஆனா அது குவளையையே அரித்துவிடும். ஒரு குவளை கரைவதற்குள் அடுத்த குவளைக்கு மாற்றி மாற்றி ஓடணும். குவளை தீர்ந்து போனாலும் பரவாயில்லை, திரும்பப் போய் எடுத்துக்கலாம். (எங்க ஊர் ஊறுகாய் ஜாடி ஒண்ணு கையில இருந்திருந்தா புதிரே கிடையாது. அந்தக் காலத்தில் ஆசிட்டையே பீங்கான் ஜாடியில்தான் ஊற்றி வைத்தார்கள்.)

இந்த கேமின் உச்சம் வாள் சண்டை. அதில் வாளைவிட வாய்தான் முக்கியம். எதிரி வசை வீசுவான். சரியான பதிலைச் சொன்னால் நீங்கள் முன்னேறலாம். உன் வாள் வீச்சு பால்காரன் மாதிரி இருக்கு என்று ஒருவன் சொன்னால், பொருத்தம்தான், உன் வீச்சு மாடு மாதிரி இருக்கு என்பது பதில். காளமேகப் புலவரின் வசையையும் சிலேடையையும் கொண்டாடுகிற நமக்கு இதை ரசிக்கச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனா கவனிக்க வேண்டியது வேற. பெரும்பாலான வசைகளுக்குப் பதில் உங்களுக்கு முதலில் தெரியாது. தோற்கும்போதுதான் புது வசை கிடைக்கும். அதை அடுத்த ஆள்மேல் வீசினால், அவன் சொல்லும் பதிலும் உங்களுக்குச் சொந்தம். கடைசியில் வாள் வித்தையில் கில்லாடியான கார்லா வருவாள். அவள் வீசும் வசைகள் நீங்கள் கேட்டே இராதவை. பதில்கள் மட்டும் பழையவை. எது எதற்குப் பொருந்தும் என்று நீங்கள்தான் யோசிக்கணும். மனப்பாடம் செல்லாது.

2001இல் ரசிகர்கள் 'ஸ்கம்வி‌எம்' என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார்கள். புதிய கம்ப்யூட்டரிலும் பழைய கேமை ஆட அது ஒரு வழி. 2009இல் புதிய ஓவியங்களோடும் குரல்களோடும் கேம் மறுபடி வந்தது. 2022இல் கில்பர்ட்டும் கிராஸ்மனும் சேர்ந்து 'ரிட்டர்ன் டு மங்கி ஐலேண்ட்' கொண்டுவந்தார்கள்.

இப்போ நம்ம குரோக்குக்கு வருவோம். சூளையில் சுட்ட மண் திரும்பக் களிமண் ஆகாது. ஆனா அதை அரைத்துப் புதுக் களிமண்ணில் கலந்தால், காயும்போது சுருங்குவது குறையும், விரிசல் விழுவதும் குறையும். உடைஞ்சது, அடுத்ததுக்குப் பலம்.

ஒரு அரியர், ஒரு இன்டர்வியூ போச்சுன்னா 'கேம் ஓவர்'னு நினைக்கிற வயசுல நம்மில் பலர் இருக்கோம். 1990இல் ஒரு காமெடி கேம் அந்தப் பலகையை மாட்டிட்டு, அடுத்த நொடியே கழட்டியும் காட்டிச்சு. இந்த வாரம் முடிஞ்சா ஆடிப் பாருங்க. வழிகாட்டி வீடியோவைப் பார்க்காம, தாராளமா தோத்துப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.