மருந்தும் மதுவும்: யாழ்ப்பாணத்துப் பத்திய மரபு பற்றிய ஒரு நோக்கு

மருந்தோடு பத்தியமும் விதிப்பது தமிழர் வைத்திய மரபு. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தனவாகக் கருதப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இம்மரபில் எழுந்தவையே. பரியாரியார் குளிகையைக் கையிற் கொடுக்கும்போதே, இன்ன அனுபானத்தில் உண்க, இத்தனை நாட் புளியும் புகையிலையும் கள்ளும் நீக்குக என்று கூறுவர். பனையின் பாளையிற் சுரக்கும் நீர், சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்கினாற் கருப்பநீராகிப் பனங்கட்டிக்கு உதவும். சுண்ணாம்பின்றேற் புளித்துக் கள்ளாகும். பனங்கட்டி அனுபானமாயிற்று, கள் விலக்காயிற்று.

1847-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலை மருத்துவத்தைக் கற்பித்த அவர், பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். மருந்து மாறியது, பத்திய நினைவு மாறவில்லை. ‘இங்கிலிசு மருந்துக்கு என்ன பத்தியம்?’ என்று வினவும் வழக்கம் நிலைத்தது.

1928-இல் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலின், இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பெருவழக்காயிற்று. நுண்ணுயிர்க்கொல்லி உண்பவன் மதுவைத் தொடலாகாது என்னும் விதியும் உடன் பரவியது. ஆயினும் பெனிசிலினுக்கும் மதுவுக்கும் இரசாயனப் பகை இல்லை. பால்வினை நோயாளரை அக்காலத்து வைத்தியர் மதுவினின்று விலக்கியது, அவர் ஒழுக்கந் தளர்ந்து நோயைப் பரப்பாமைக்கே என்பர்.

மெய்யான பகையும் உண்டு. 1948-இல் கோபன்கேகன் நகரத்து ஆராய்ச்சியாளர் இருவர், குடற்புழுவுக்கு மருந்தாகுமோ என ஆராய்ந்த டைசல்பிராமைத் தாமே உண்டு, பின் மது அருந்தியபோது நோயுற்றமையை வெளியிட்டனர். மதுவிலிருந்து உடலில் உண்டாகும் அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சு அழியாது தேங்கியமையே காரணம். முகஞ் சிவத்தல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு என்பன அதன் குறிகள். மெற்றோனிடசோல், ரினிடசோல், செபலோஸ்போரின் வகையிற் சில ஆகியவற்றுக்கும் இத்தகைய எச்சரிக்கை உண்டு. மெற்றோனிடசோல் பற்றிய சான்று வலிதன்று எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதினும், எச்சரிக்கை நீங்கிற்றில்லை. 1952-இல் காசநோய்க்கு வழங்கத் தொடங்கிய ஐசோனியாசிட்டோ ஈரலைத் தாக்கவல்லது. மது அத்தீங்கை மிகுவிக்கும்.

இவ்விடத்தே பெரியதொரு இடர் உளது. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்துண்டோர் ஆரோக்கிய நிலையத்தில் இருந்தோரைப் போலவே குணமடைந்தமையை 1959-இற் காட்டியது. அவ்வெற்றிக்கு வேர், மருந்தை இடைவிடாது உண்டமை. ‘மருந்தும் கள்ளும் சேரலாகா’ என்று மட்டும் கேட்டவன், மாலையிற் கள்ளை விடுவதற்குப் பதிலாக மருந்தை விட்டுவிடுதல் கூடும். அரைகுறையாக நின்ற மருத்துவம் நோயை மீட்கும். மருந்துக்கு அடங்காத கிருமியையும் வளர்க்கும்.

ஆதலின், விதியை வழங்குவோர் அதன் காரணத்தையும் உடன் வழங்குதல் வேண்டும். எம்மருந்துக்கு மது பகை, எத்தனை நாள் விலக்கு என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் நோயாளியின் கடன். மருந்து நிறைவுறத் துணை நிற்பதே பத்தியத்தின் பயன். மருந்தைக் கைவிடச் செய்வது பத்தியமாகாது.