எந்திரமும் மனிதனும்: ஏட்டில் ஒரு வழி, திரையில் ஒரு வழி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குப் பெயர் தந்தது செங்கல். 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, அத்தாப்புக் கூரை வேய்ந்த அன்றைய சிறு நகரை அழித்தன. இனி எழும் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் ஆகவேண்டும் என்று ஆட்சியாளர் ஆணையிட, அதற்கான சூளைகள் நகரின் தென்புறத்தில் புகையத் தொடங்கின. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் சூளைப் புகையின் இடத்தைப் புகைவண்டியின் புகை பிடித்துக்கொண்டது. தண்டவாளம் அமைத்தவர், கரி அள்ளிப் போட்டவர், கொடியசைத்தவர், கணக்கெழுதியவர் எனப் பலர் தமிழர்; தமிழகத்திலிருந்து வந்தோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் ஒரே சங்கொலிக்குக் கண் விழித்த ஊர் அது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வரலாற்றை எந்திரத்தை விலக்கிவிட்டு எழுதுதல் இயலாது. சோறு போட்டதும் அதுவே. சோற்றைப் பறித்ததும் சில வேளைகளில் அதுவே. 1905-இல் செந்தூலில் எழுந்த இரயில்வே பட்டறை பல தமிழ்க் குடும்பங்களை ஆளாக்கிற்று. 1950-களின் பிற்பகுதி தொடங்கி டீசல் எந்திரங்கள் வந்து சேர்ந்தபோது, கொதிகலனுக்குக் கரி தள்ளும் கைகளுக்கு வேலை படிப்படியாக இல்லாமற் போயிற்று. 1901-இல் திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. மறு ஆண்டே அங்குக் கொள்கலன் முனையம் தொடங்கிற்று. மூட்டைகளைத் தோளில் ஏற்றிப் பலர் நாட்கணக்கில் முடித்த வேலையைப் பாரந்தூக்கி சில மணி நேரத்தில் முடிக்கலாயிற்று. அதே காலத்தில் சுங்கை வே தடையற்ற வணிக வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் இளம்பெண்கள் உருப்பெருக்கியில் கண் பதித்து நுண்சில்லுகளுக்கு இழை கோத்தனர். தோட்டத்தில் பால்மரம் சீவிய தாயின் மகள் கணினிக்கு மூளை செய்து கொடுத்தாள்.

எந்திரத்தை இவ்வாறு உடலால் அறிந்த மக்களிடம், மனிதனும் எந்திரமும் பொருதும் கதை எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பது ஆராயத்தக்கது. அது இரு வழியாக வந்தது. ஒன்று ஏடு, மற்றொன்று திரை. மேலைநாட்டில் திரை முன்னே செல்ல ஏடு பின்தொடர்ந்தது. தமிழில் ஏடு முன்னே சென்றது. திரை பின்னால் வந்து அதனை முந்திற்று. இந்த முறைமாற்றத்தில் தமிழ்ப் புதினம் பெற்றதும் உண்டு; இழந்ததும் உண்டு.

எந்திர மனிதன் என்னும் கருத்து மேடையிலே பிறந்தது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்திலிருந்தே 'ரோபோ' என்னும் சொல் உலகுக்குக் கிடைத்தது. அடிமை உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி வந்தோரின் பேரர்கள் இவ்வேரை அறிந்தால் வியக்கமாட்டார்கள். அந்நாடகத்திலேயே உழைக்கும் எந்திரங்கள் கிளர்ந்தெழுந்து மனித இனத்தை அழித்துவிடுகின்றன. பின்னாளில் வந்த இத்தகைய கதைகளுக்கெல்லாம் அது மூதாதை எனலாம்.

அம்மரபில் உலகெங்கும் பரவிய திரைத்தொடர் 'டெர்மினேட்டர்'. ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய முதற்படம் 1984-இலும் இரண்டாம் படம் 1991-இலும் வெளிவந்தன. ஸ்கைநெட் என்னும் படைக்கணினி தன்னுணர்வு பெற்று மனிதர்மேல் போர் தொடுக்கிறது. எதிர்ப்புப் படைத் தலைவனை வெல்ல இயலாத நிலையில், அவனுடைய தாயை அவன் பிறக்கும் முன்பே கொல்ல ஒரு கொலை எந்திரத்தைக் கடந்த காலத்திற்கு அனுப்புகிறது. இரண்டாம் படத்தில் அதே உருவுடைய எந்திரம் சிறுவனுக்குக் காவலாக வருகிறது. பணி முடிந்ததும் உருகிய எஃகில் தன்னை அழித்துக்கொள்ளவும் இசைகிறது. ஸ்கைநெட்டுக்கு வித்தான ஆய்வுப் பொருள்கள் அழிகின்றன. ஊழ் மாறிற்று என்னும் நம்பிக்கையுடன் படம் முடிகிறது.

திரை அவ்விடத்தில் நின்றது. ஏடு அவ்விடத்தில் தொடங்கிற்று. எஸ். எம். ஸ்டிர்லிங் எழுதிய மூன்று புதினங்கள் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. வெற்றிக்குப் பின் அந்தத் தாயும் மகனும் எங்கே போயினர் என்பதே முதற் புதினம் எழுப்பும் வினா. பொய்ப்பெயர் பூண்டு, தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஒதுங்கி வாழ்கிறார்கள். அவர்களுக்கு அண்டைவீட்டாராக வரும் ஓய்வுபெற்ற உளவுப்படை வீரரின் முகம் அந்தக் கொலை எந்திரத்தின் முகமாகவே இருக்கிறது. எந்திரத்தின் உருவத்துக்கு ஒரு மனிதனே அச்சாக இருந்திருக்கவேண்டும் அல்லவா? திரை இரண்டரை மணி நேர ஓட்டத்தில் கேட்க மறந்த கேள்வி இது. ஏடு நின்று நிதானித்துக் கேட்டது. தன்னைக் கொல்ல வந்த முகம் தேநீர் அருந்த வாயிலில் நிற்கும்போது ஒரு பெண் என்ன செய்வாள் என்பது புதினத்துக்கே உரிய பொருள்.

ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ரசல் பிளாக்ஃபோர்டும் 2002, 2003 ஆண்டுகளில் மற்றொரு முப்புதின வரிசையை எழுதினார். 2009-இல் வந்த நான்காம் படத்தை ஒட்டித் திமோத்தி சான் எழுதிய நூல்களும் உள. இவற்றுக்கெல்லாம் நேர்ந்த முடிவு ஒன்றே. 2003-இல் மூன்றாம் திரைப்படம் வந்தது. அது புதினங்கள் சொன்ன எதனையும் கருதவில்லை. திரை தன் போக்கில் போயிற்று. ஏடுகள் கிளைப்பாதையில் நிறுத்திவைக்கப்பட்ட பெட்டிகள் போலாயின. ஆயினும் அவை இழிந்த எழுத்தல்ல. படம் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இரவில் எழும் ஐயங்களை எழுத்தில் வைத்து ஆராய்ந்தன என்ற அளவில் அவற்றுக்கு மதிப்பு உண்டு.

தமிழுக்கு வருவோம். இங்கு முதலடி எடுத்துவைத்தவர் சுஜாதா என்னும் புனைபெயர் கொண்ட எஸ். ரங்கராஜன் (1935–2008). அவர் பொறியாளர், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியவர், இந்தியத் தேர்தல்களில் வழங்கும் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் ஆக்கத்தில் முன்னின்றவர். எந்திரத்தைச் செய்த கையே எந்திரத்தைப் பற்றிக் கதையும் எழுதிற்று. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா' அவ்வகையில் பெரும் பெயர் பெற்றது. பின்னர் அது தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பாயிற்று.

கதை நிகழும் காலம் 2020-களின் தொடக்கம். எழுதியபோது அது தொலைதூர எதிர்காலம். இன்று கடந்த காலம். ஜீவா என்னும் சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான். குடிமக்களின் பெயர்கள் இரண்டே எழுத்தில் அமையவேண்டும். பெயருடன் ஓர் எண்ணும் உண்டு. பிள்ளை பெறுவதற்கு அரசின் இசைவு வேண்டும். நிலா என்னும் இளம்பெண்ணுக்கு அந்த இசைவு கிடைக்கும் வேளையில் அவள் கணவன் சிபி காணாமற் போகிறான். அவள் வீட்டுக்குள் வந்து சேரும் ரவி என்பவனிடம் ஜீனோ என்றொரு எந்திர நாய் இருக்கிறது. அது பேசும், நூல்களைப் படிக்கும், படித்துப் படித்தே சிந்திக்கக் கற்கும். இறுதியில் ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை, ஒளியால் ஆக்கிய உருவத்தையே மக்கள் வணங்கி வந்தனர் என்பது வெளிப்படுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மேலைக் கதையில் பகை எந்திரம். மனிதர் ஒரு பக்கம், எந்திரம் மறுபக்கம். சுஜாதாவின் கதையிலோ பகை ஆட்சி. எந்திரத்தின் பின்னே மறைந்திருக்கும் மனிதரே அஞ்சத்தக்கவர். வெளிப்படையாக எந்திரமாய் இருக்கும் ஜீனோ ஏழைப்பெண்ணின் துணை. தோட்டத்தில் எந்திரத்தைவிடக் கங்காணிக்கும் துரைக்கும் அஞ்சி வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் வாசகனுக்கு இந்த ஏற்பாடு அயலாகத் தோன்றியிராது. தமிழக வார இதழ்கள் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளில் தொங்கிய காலத்தில், அவை வழியாகவே இக்கதையும் கடல் கடந்தது.

இதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. நிலா அரசியாகிவிட்டாள், ஆனால் அவள் பொம்மை. ஆட்சிக் கயிறு ரவி, மனோ ஆகியோர் கையில் இருக்கிறது. கொடுங்கோலனை வீழ்த்தியவர்களே அடுத்த கொடுங்கோலர் ஆகும்போது அந்த எந்திர நாய் என்ன செய்யும்? ஸ்டிர்லிங்கும் சுஜாதாவும் வெவ்வேறு உலகத்தினர். எனினும் இருவர் தொடர்ச்சிகளும் ஒரே இடத்தில், அதாவது வெற்றிக்கு மறுநாளில், தொடங்குகின்றன. சுஜாதா இதனைப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார் என்பது தமிழ் மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

திரைக்கும் அவர் புதியவரல்லர். 1986-இல் வந்த 'விக்ரம்' படம் உருவான காலத்திலேயே அதன் கதை குமுதத்தில் தொடராக வந்தது. எந்திர மனிதனைத் திரைக்குக் கொண்டுவரும் முயற்சிதான் நெடுங்காலம் எடுத்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இயக்குநர் ஷங்கர் கமல்ஹாசனை வைத்துத் தொடங்க எண்ணிய படம் கைவிடப்பட்டது. பின்னர் ரஜினிகாந்த் நடிப்பில் 'எந்திரன்' ஆயிற்று. உரையாடலில் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் படம் முடிவதைக் காண அவர் இல்லை. 2008 பிப்ரவரி 27-இல் மறைந்தார். 1996-இல் 'இனிய உதயம்' இதழில் வந்த 'ஜுகிபா' என்னும் தம் கதையே படமாயிற்று என ஆரூர் தமிழ்நாடன் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் உரிமையியல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எதுவாயினும், ஒரு சிற்றிதழ்க் கதை பெருந்திரையோடு நீதிமன்றம் ஏறியது, ஏடும் திரையும் எத்துணை நெருங்கி நின்றன என்பதற்குச் சான்று.

இப்படத்தின் இசை வெளியீடு 2010 சூலை 31-இல் புத்ராஜெயா அனைத்துலக மாநாட்டு மையத்தில் நிகழ்ந்தது. சென்னையை விட்டுக் கோலாலம்பூர்ப் புறத்திற்கு இவ்விழா வந்தது சிறு செய்தியன்று. தமிழ்த் திரையின் சந்தைக் கணக்கில் இந்நாட்டுத் தமிழர் பெற்றிருந்த இடத்தை அது காட்டிற்று. படம் அக்டோபர் 1-இல் வெளிவந்தது. அதே மாதம் 27-ஆம் நாள் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தனர். இரயில்வே ஊர் கடைத்தெருவான மாதமும் எந்திரன் வந்த மாதமும் ஒன்றாய் அமைந்தன.

படத்தின் சிட்டி, ஜீனோவின் வழித்தோன்றல் போலத் தொடங்கி டெர்மினேட்டரின் வழித்தோன்றலாய் முடிகிறது. கத்தியால் குத்தச் சொன்னால் குத்தப்போகும், நன்மை தீமை அறியாத எந்திரம் அது. அதற்கு உணர்ச்சி ஊட்டுகிறார்கள், காதல் வருகிறது, ஏமாற்றம் வருகிறது, தீயவன் ஒருவன் சிவப்புச் சில்லைப் பொருத்துகிறான், தன்னைப்போல் நூற்றுக்கணக்கில் ஆக்கிக்கொண்டு நகரைக் கலக்குகிறது. முடிவில் ஆணைப்படி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சியில், தான் கெட்டதற்குக் காரணம் எவர் என்ற குறிப்பும் உண்டு. சுஜாதாவின் குரல் அவ்விடத்தில் கேட்கிறது. மற்றப் பகுதிகளில் வியப்பே மிகுந்துவிட்டது என்பதை மறுக்க இயலாது.

அதன் தொடர்ச்சி '2.0' 2018 நவம்பர் 29-இல் வந்தது. புதின ஆசிரியர் ஜெயமோகன் அதன் எழுத்தில் பங்குகொண்டார். அதில் எந்திரம் மனிதரைக் காக்கிறது. பகையாய் எழுவது பறவைகளுக்காக உயிர்விட்ட ஒரு முதியவரின் சினம். கருத்து ஆழமானது, ஆனால் கைப்பேசிகள் பறவையாய்ப் பறக்கும் காட்சியின் பேரொலியில் அது பாதி மூழ்கிற்று. தமிழின் இருபெரும் புதின ஆசிரியர்கள் உழைத்தும், எந்திரனின் தொடர்ச்சி திரைப்படமாகவே வந்தது. ஆங்கிலத்தில் நிகழ்ந்ததுபோல் ஏட்டுக்குத் திரும்பவில்லை. கழற்றி வைக்கப்பட்ட சிட்டி அருங்காட்சியகத்தில் நின்ற நாள்களில் என்ன எண்ணியிருக்கும், அதனைத் துடைத்துப் பேணிய ஊழியனிடம் என்ன பேசியிருக்கும் என்பன எழுதப்படக் காத்திருக்கும் பக்கங்கள். திரை இவற்றைக் கேட்பதில்லை. அதற்கு நேரமும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே நிலத்தில் 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் எழுந்தது. அதன் வழியே செல்லும் கிளானா ஜெயா தடத்தில் 1998 முதலே ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றன. கரி தள்ளியவரின் கொள்ளுப்பேரன் பள்ளிச் சீருடையில் முதற்பெட்டியின் முன்கண்ணாடி அருகே நின்று, ஓட்டுநர் இருக்கவேண்டிய இடத்திலிருந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போகிறான். அவனுக்குச் சிட்டியைத் தெரியும். ஜீனோவை இன்னும் எவரும் அவனுக்கு அறிமுகம் செய்யவில்லை.