சீனக் கோயிலில் நம்ம நரசிம்மர்



சீனாவின் சுவான்ஜோ நகருக்குப் போனால் பழைய ஊரை நடந்தே சுற்றிப் பாருங்க. 1009-இல் எழுந்த பள்ளிவாசல், பக்கத்திலேயே சீனர்களின் குவான்தி கோயில். கொஞ்ச தூரம் நடந்தா கையுவான் பௌத்தக் கோயில். அங்கே பின்பக்கத் தூண் ரெண்டுல கண்ணனும் நரசிம்மரும்!

அந்தக் காலத்துல தமிழ் வணிகர்கள் கப்பலேறிப் போன துறைமுகம் அது. சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் நலம் வேண்டி அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்ததை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்லுது.

இன்னிக்கு அங்கே சிவன் கோயில் இல்லை. இடிஞ்சு கிடந்த நம்ம கற்களைப் பௌத்தர்கள் தூக்கிப் போடலை. மிங் காலத்துல தங்கள் கோயிலிலேயே வச்சுக் கட்டினாங்க.

நாமோ திருப்பணின்னா பழைய கல்லையும் உபயதாரர் பெயர்ப்பலகையையும் உடைச்சு லாரியில ஏத்திடுறோம். அடுத்த திருப்பணியிலாவது எடுத்து வைப்போமா?